அடி வாங்குகிறவர் எங்கே? ஏஐ சண்டைக் காட்சிகள் பற்றிச் சில குறிப்புகள்

2026 பிப்ரவரியில் ஒரு சின்ன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. டாம் க்ரூஸும் பிராட் பிட்டும் இடிபாடுகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். இருவருமே அதில் நடிக்கவில்லை. பைட்டான்ஸ் நிறுவனத்தின் சீடான்ஸ் 2.0 என்ற கருவிக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்து வாங்கியது என்று அதை வெளியிட்ட ஐரிஷ் இயக்குநர் ருவாரி ராபின்சன் சொன்னார். ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கம் உடனே கண்டனம் தெரிவித்தது. நான் இருக்கும் இரண்டு சினிமா வாட்ஸ்அப் குழுக்களிலும் அன்றைக்கே அது வந்து விழுந்தது. கூடவே ஒரே கேள்வி: "இனிமே ஃபைட் மாஸ்டர் எதுக்கு?"

கேள்வி கேட்டவர்களைக் கிண்டல் பண்ண வரவில்லை. நானும் அதைப் பத்துத் தடவைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். முகம் அபாரம், வெளிச்சம் அபாரம், தூசி பறப்பது கூட அபாரம். கை ஓங்குகிற வேகமும் சரி. ஆனால் கை பட்ட பிறகு நடப்பது என் கண்ணுக்கு அந்த அளவுக்கு இல்லை. அடி வாங்கிய உடம்பு அடி வாங்கிய மாதிரி இல்லை. அடுத்த அசைவுக்குத் தயாராக இருக்கிற மாதிரி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரு அடிப்படை. சினிமாவில் குத்து யார் மேலும் விழுவதில்லை. கேமரா ஒரு பக்கம் இருக்கும். கை, முகத்துக்கு அரையடி தள்ளிப் போகும். பார்க்கிற கோணத்தில் இடைவெளி தெரியாது. அப்புறம் "டிஷ்யூம்" சத்தம் டப்பிங்கில் சேரும். அப்படியென்றால் அந்தக் குத்தை நமக்கு உண்மையாக்குவது எது? தலையை வெட்டித் திருப்புகிற, கால் தடுமாறுகிற, சரியான நொடியில் முதுகைக் கொடுத்து மேஜையை உடைக்கிற எதிராளி. நம்ம ஊரில் அவருக்கு ஃபைட்டர் என்று பெயர். ஹீரோ கையை வீசுகிறார். குத்தை நடத்திக் காட்டுவது ஃபைட்டர். ஒரு விநாடியில் 24 ஃப்ரேம் ஓடுகிறது. ரியாக்‌ஷன் மூன்று ஃப்ரேம் முந்தினால் நாடகம், மூன்று ஃப்ரேம் பிந்தினால் காமெடி. ஃபைட் மாஸ்டர்கள் "டைமிங், டைமிங்" என்று கத்துவதற்கு இதுதான் காரணம்.

'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலனும் டான்ஸிங் ரோஸும் மோதுகிற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அன்பறிவ் சகோதரர்களின் சண்டை அமைப்பு. படம் வந்தபோது எல்லோரும் ஷபீர் கல்லரக்கல்லின் கால் வேலையைப் பற்றித்தான் பேசினார்கள், நியாயம்தான். எனக்கு அதில் அதைவிடப் பிடித்தது ஆர்யாவின் குழப்பம். எங்கிருந்து அடி வருகிறது என்று தெரியாமல் கபிலனின் தோள் இறுகுகிறது, பார்வை ஒரு கணம் தாமதமாகத் திரும்புகிறது, மூலையில் ரங்கன் வாத்தியார் முகம் மாறுகிறது. ரோஸின் ஆட்டம் எவ்வளவு விசித்திரமானது என்பதை ரோஸ் காட்டுவதில்லை. எதிரே நிற்பவரின் உடம்பு காட்டுகிறது. பிறகு கபிலன் மெல்ல அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்வதை நாமும் கூடவே பிடித்துக்கொள்கிறோம். அந்த ஆட்டத்தில் ஒரு யோசனை ஓடுகிறது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் விளைவு.

'அசுரன்' (2019) வேறு மாதிரி. பீட்டர் ஹெய்ன் அமைத்த சண்டைகள். அதுவரை யாரிடமும் மல்லுக்கு நிற்காமல் பயந்து ஒதுங்குகிற சிவசாமி, பெற்ற பிள்ளை சாகப்போகிறான் என்ற இடத்தில் ஆயுதம் எடுக்கிறார். அந்தக் காட்சியில் தனுஷ் பறக்கவும் செய்கிறார், ஸ்லோமோஷனும் இருக்கிறது, இயற்பியல் கணக்குப் போட்டால் தேறாது. ஆனாலும் யாரும் "ரீல்" என்று சொல்லவில்லை. ஏன்? ஒரு மணி நேரமாக அந்த உடம்பு கூனிக்குறுகி நடந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆக, யதார்த்தம் என்பது புவியீர்ப்பு மட்டும் இல்லை. முன்னால் நடந்ததற்கும் இப்போது நடப்பதற்கும் உள்ள கணக்கு நேராவதும் சேர்ந்ததுதான்.

இந்த இரண்டு உதாரணத்தையும் மனதில் வைத்துக்கொண்டு கருவிகளிடம் வருவோம்.

2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ 'சோரா'வை அறிமுகம் செய்தபோது, கண்ணாடி உடைவது போன்ற சாதாரண விஷயங்களைக் கூட அது சரியாகக் காட்டுவதில்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒருவர் குட்டிக்கரணம் போடப் போட கையும் காலும் முளைத்துக்கொண்டே போகும் சோரா வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று சோரா 2 வந்தபோது அவர்கள் சொன்ன விளக்கம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய மாடல்கள் நம்பிக்கை ஜாஸ்தியானவை. கூடைப்பந்து வீரர் குறி தவறி எறிந்தால் கூட, கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதற்காகப் பந்தை மாயமாகக் கூடைக்குள் கொண்டு சேர்த்துவிடும். புதியது பலகையில் பட்டுத் திரும்ப விடும் என்றார்கள். தோற்கவும் தெரிந்த மாடல் என்று அர்த்தம். சண்டைக் காட்சிக்கு வேண்டியது சரியாக இதுதான். தவறுகிற குத்து, சறுக்குகிற கால், பாதியில் உடைகிற கட்டை. கருவி முன்னேறியிருக்கிறது, சந்தேகமில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

இரண்டு ஆய்வுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. ஒன்று, 2025 ஜனவரியில் வந்த 'ஃபிசிக்ஸ்-ஐக்யூ'. கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. நிஜமாகப் படம் பிடித்த காட்சிகளின் தொடக்கத்தை மட்டும் மாடல்களுக்குக் காட்டி, "மீதி என்ன ஆகும், நீயே காட்டு" என்று கேட்டார்கள். முடிவு: பார்வைக்கு நிஜம் போல இருப்பதற்கும் பௌதிகம் சரியாக இருப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. அசத்தலாகத் தெரிகிற மாடல் பௌதிகத்தில் கோட்டை விடலாம். இன்னொன்று, 2024 நவம்பரில் பைட்டான்ஸ் ஆய்வாளர்களே பங்கெடுத்து வெளியிட்டது. பந்து உருளுவது, மோதுவது போன்ற எளிய காட்சிகளை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சியில் பார்த்த வரம்புக்குள் இருந்தால் பிசகில்லை. வரம்பைத் தாண்டினால், விதியைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாகப் பார்த்ததிலேயே கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்து ஒப்பேற்றுகிறது. அப்படி ஒத்துப்பார்க்கும்போது நிறத்துக்குத்தான் முதல் மரியாதை. அப்புறம் அளவு, அப்புறம் வேகம், கடைசியில் வடிவம்.

சீடான்ஸ் செய்த அதே நிறுவனத்தின் ஆட்கள் எழுதியது இது. அப்புறம் மாடல்கள் பெருத்துவிட்டன, வேகம், மோதல் எல்லாம் மேம்பட்டுவிட்டன. ஆனால் "பார்த்ததில் ஒத்துப்போவதை எடுப்பது" என்ற குணத்தைச் சண்டைக் காட்சியோடு வைத்துப் பாருங்கள். இந்த மாடல்கள் சண்டையை எங்கே பார்த்திருக்கும்? தெருச்சண்டையைப் பார்த்ததைவிட சினிமாச் சண்டையை, கேம்களை, ட்ரெய்லர்களைத்தான் அதிகம் பார்த்திருக்க முடியும். அதாவது கை முகத்தில் படாமல் போகும் ஆயிரக்கணக்கான குத்துகளை. படாத குத்துக்கு முகம் திரும்புவதை அது வெறும் அசைவாகத்தான் படித்திருக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் மூன்று நாள் ஒத்திகை பார்த்த டைமிங் இருப்பது அதற்குத் தெரிய வழியில்லை.

சும்மா பேசிக்கொண்டிருக்காமல் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. பெருங்களத்தூரில் குறும்படம், கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். மாதச் சந்தா கட்டி ஒரு கருவி வைத்திருக்கிறார். கருவியின் பெயர் வேண்டாம். அடுத்த மாதமே வேறு வெர்ஷன் வந்துவிடும். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம்.

எடுத்துக்கொண்ட காட்சி: பொங்கலுக்கு முந்தின ராத்திரி, பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறப்பதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தில் பண்டிகை நேரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போகிற பஸ் எல்லாம் ஓரம் கட்டும். மதுரை, திருச்சி, நெல்லை என்று கண்டக்டர்கள் கத்துவார்கள். பை, மூட்டை, குழந்தை, கரும்புக் கட்டு. சீட்டு பிடிக்கிற தகராறில் இரண்டு பேர் கைகலக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ப்ராம்ப்டைத் தமிழிலும் கொடுத்தோம், ஆங்கிலத்திலும் கொடுத்தோம்.

வந்ததைச் சொல்கிறேன். பஸ் போர்டில் எழுத்து தமிழ் மாதிரி இருந்தது, எந்த எழுத்தும் தமிழில்லை. லுங்கி கட்டியவர் நாலாவது விநாடியில் பேன்ட் போட்டிருந்தார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு நல்ல படத்தை முதலில் உருவாக்கி அதிலிருந்து வீடியோ எடுத்தால் சரியாகும், தம்பி அப்படித்தான் சரி செய்தார். சரியாகாதது வேறு. இரண்டு பேரும் மோதினார்கள் பாருங்கள், இடைவெளி விட்டு, முட்டியை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, குத்துச்சண்டைப் பள்ளியில் படித்தவர்கள் மாதிரி. நம்ம ஊரில் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் அப்படியா போடுவார்கள்? முதலில் வாய். அப்புறம் நெஞ்சோடு நெஞ்சு. அப்புறம் சட்டைக் காலரைப் பிடிப்பது. பிடித்தபின் யாருக்கும் அடிக்க இடமே இருக்காது, இரண்டு பேரும் கட்டிப்பிடித்த மாதிரி சுற்றுவார்கள். ஒரு செருப்பு தனியாகக் கழன்று கிடக்கும். அடிகளில் பாதி காற்றில், கால்வாசி விலக்க வந்தவர் மேல்.

விலக்க வந்தவர்! எட்டுத் தடவை ஓட்டியும் அவர் வரவே இல்லை. பின்னால் கூட்டம் இருந்தது, நின்று பார்த்தது, இல்லையென்றால் சண்டை நடப்பதே தெரியாமல் நடந்துபோனது. "விடுங்கண்ணே, விடுங்க, பொம்பளைங்க நிக்கிறாங்க" என்று ஊடே பாய்கிற ஒரு ஆள், சண்டை போடுபவரின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டுகிற மச்சான், ரெண்டு பேரையும் பொதுவாகத் திட்டுகிற கண்டக்டர், ஒருத்தரும் இல்லை. ப்ராம்ப்டில் தனியாக எழுதிச் சேர்த்தால் மூன்றாவது ஆள் வந்தார். ஆனால் அவர் கை லுங்கிக்காரரின் கையோடு கலந்து, யார் கை யாருடையது என்று தெரியாமல் போனது. மூன்று உடம்புகள் ஒன்றையொன்று மறைத்து இறுக்கிக்கொண்டு நிற்பது இந்தக் கருவிகளுக்கு இன்றைக்கும் சிரமம். மறைந்த கை மறுபடி வெளியே வரும்போது அது எந்தக் கை என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

அடுத்து, நடைமேம்பாலப் படியில் ஒருவர் உருண்டு விழுவதைக் கேட்டோம். விழுந்தார். மெத்தையில் சாய்கிற மாதிரி விழுந்தார். தம்பி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "ண்ணா, அடிக்கிறவன் ஓகேண்ணா. அடி வாங்குறவன்தான் சொதப்புறான்" என்றார். இந்தக் கட்டுரையின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

விழுவது பற்றி ஒரு சின்னக் கணக்கு. இருபது அடி உயரத்திலிருந்து ஒரு உடம்பு தரையைத் தொட ஏறக்குறைய 1.1 விநாடி ஆகும். சினிமாக் கணக்கில் 27 ஃப்ரேம். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இந்தக் கணக்கு நமக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பாத்திரம், பந்து, குழந்தை, தேங்காய் என்று விழுவதையே பார்த்து வளர்ந்த கண். 27 ஃப்ரேமில் முடியவேண்டியது 40 ஃப்ரேம் எடுத்தால் "ஏதோ இடிக்குதே" என்று சொல்லிவிடும். எங்கள் படிக்கட்டு ஆள் அப்படித்தான் மிதந்தார்.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். நம்ம சினிமாவே என்றைக்கு யதார்த்தமாகச் சண்டை போட்டது? 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் எம்ஜிஆர் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே சிலம்பம் சுற்றினார். தியேட்டரில் விசில் பறந்தது. ரோப் கட்டிப் பத்துப் பேரை நாலு திசையில் தெறிக்கவிடுகிற காட்சி இல்லாமல் பொங்கல் ரிலீஸ் உண்டா? பின்னே ஏஐ மிதக்கவிட்டால் மட்டும் என்ன?

இந்த வாதத்தில் பாதி சரி. அந்த மாதிரி 'மாஸ்' காட்சிகளை இந்தக் கருவிகள் இப்போதே நன்றாகச் செய்கின்றன. ஸ்லோமோஷனில் நடந்து வருவது, பின்னால் ஜீப் வெடிப்பது, மழையில் கத்தி பளபளப்பது, எல்லாம் ஐந்து விநாடியில் கச்சிதம். நம்ம சினிமா எதில் சோம்பேறியாக இருந்ததோ அதில் ஏஐ கெட்டி. காரணமும் விளைவும் இல்லாத அழகான துண்டுகள். பல கருவிகள் ஒரு தடவைக்கு ஐந்திலிருந்து பதினைந்து விநாடிதான் கொடுக்கின்றன என்பதும், நம்ம ட்ரெய்லர் வெட்டுகிற பாணிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் எம்ஜிஆர் விஷயத்தில் ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர் சிலம்பம் கற்றவர் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். காட்சி கற்பனை, கம்பு சுற்றுகிற மணிக்கட்டு நிஜம். விசில் அந்த மணிக்கட்டுக்கு.

இதற்கு நேர்மாறான உதாரணம் 'தி கோட்' (2024). விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று காலமானார். குடும்பத்தின் சம்மதத்தோடு ஏஐ மூலம் அவர் முகத்தைத் தொடக்க ஆக்‌ஷன் காட்சியில் கொண்டுவந்தார்கள்; பிறகு அது முகமூடி, உள்ளே இருப்பவர் விஜய் என்று தெரியும். தியேட்டரில் கைதட்டல் காதைப் பிளந்தது, நானும் நெகிழ்ந்துதான் போனேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்று உறுத்தியது. ஆக்‌ஷன் நடிகராக விஜயகாந்த் நமக்கு யார்? சுவரில் கால் வைத்து உந்தித் திரும்பி உதைக்கிற ஆள். அவருடைய கையெழுத்து காலில் இருந்தது. தொழில்நுட்பம் மீட்டுக்கொண்டு வந்தது முகத்தை. மரியாதை செலுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சண்டை நடிகரைப் 'பதிவு' செய்வது என்றால் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் காட்சி யோசித்ததாகத் தெரியவில்லை.

இதுவரை ரசனைப் பேச்சு. இனி வருவது வேறு.

2022 டிசம்பரில், பெருங்களத்தூரிலிருந்து வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் எட்டிவிடுகிற, வண்டலூருக்குப் பக்கத்து ஊனமாஞ்சேரியில் 'விடுதலை' படப்பிடிப்பில் க்ரேனில் கட்டிய ரோப் அறுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் விழுந்து இறந்தார். சுமார் இருபது அடி என்று செய்திகள் சொல்லின. 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் இன்னொருவர். அதுவும் இருபது அடிதான். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரை ஏற்றிப் பறக்கவிட்டுக் கவிழ்க்கிற காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் மோகன்ராஜ் இறந்தார். அந்த வீடியோ போனுக்குப் போனாகச் சுற்றியது. 'வேட்டுவம்' இயக்குநர் பா. ரஞ்சித், மேலே நான் புகழ்ந்த 'சார்பட்டா'வின் இயக்குநர். 'விடுதலை' இயக்குநர் வெற்றிமாறன், 'அசுரன்' இயக்குநர். மலிவான படங்கள் எடுக்கிறவர்கள் இல்லை. நான் நல்ல சண்டைக்கு உதாரணம் தேடிப் போன அதே இடங்கள். இதைச் சொல்லாமல் அந்தப் பாராட்டுகளை எழுதியிருந்தால் இந்தக் குறிப்புகள் யோக்கியமாக இருக்காது.

மோகன்ராஜ் இறந்த வாரத்தில் பலர் எழுதினார்கள்: "ஏஐ, சிஜி எல்லாம் இவ்ளோ வந்தபிறகும் எதுக்கு நிஜமா காரைப் பறக்கவிடணும்?" மிக நியாயமான கேள்வி. சாதாரணமாக விமர்சகர்கள் இதற்கு "நிஜத்தின் உணர்வு வராது" என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. காட்சியைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கார் மேட்டில் ஏறிப் பறந்து கவிழ்வது அதிகபட்சம் நாலைந்து விநாடி. உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. உடம்போடு உடம்பு மோதுவதில்லை, ஒன்றை ஒன்று மறைப்பதில்லை, கதாபாத்திரத்தின் யோசனை எதுவும் அதில் ஓடவில்லை. ஏஐ கருவிக்கோ, பழைய சிஜிக்கோ, இரண்டின் கலவைக்கோ எளிதாகச் சிக்கக்கூடிய ஷாட் இதுதான். ஆளில்லாமல் ரிமோட்டில் ஓட்டிக் கவிழ்த்துவிட்டு, தூசியை மட்டும் பிறகு சேர்க்கவும் முடியும். பார்க்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வித்தியாசம் தெரிந்தால் தெரியட்டும். அந்த ஐந்து பேரில் நானும் இருப்பேன். எனக்கு ஆட்சேபம் இல்லை.

எது ஆபத்தோ அது பெரும்பாலும் கலையில் எளிது. எது கலையில் கஷ்டமோ அது பெரும்பாலும் ஆபத்து குறைவு. கார் கவிழ்வது, உயரத்திலிருந்து விழுவது, தீ, இவை ஒரு பக்கம். கபிலனின் தோள் இறுகுவது, காலர் பிடித்த இரண்டு பேர் மூச்சுவாங்கச் சுற்றுவது, விலக்க வந்தவருக்கு விழுகிற அடி, இவை இன்னொரு பக்கம். முதல் பக்கத்தைக் கருவியிடம் கொடுத்துவிட்டு இரண்டாவதை மனிதர்கள் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆனால் தயாரிப்பாளரின் கணக்கு அப்படிப் போகாது. எங்கே செலவு அதிகமோ அங்கே வெட்டுவார்கள், எங்கே ஆபத்து அதிகமோ அங்கே இல்லை. பத்து ஃபைட்டர், மூன்று நாள் கால்ஷீட், சாப்பாடு, வண்டி என்ற கணக்கு ஒரு பக்கம். மாதச் சந்தா ஒரு பக்கம். முதலில் போவது இரண்டாம் பக்கத்து வேலையாகத்தான் இருக்கும். கடைசி வரை மிஞ்சுவது, ஹீரோ படத்துக்கு மட்டும் "ஒரிஜினலா பண்ணோம் சார்" என்று பேட்டியில் சொல்லிக்கொள்வதற்கான அந்த ஒரு கார் ஷாட்டாகவும் இருக்கலாம். அப்படி நடந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

காலத்தின் வேடிக்கை என்னவென்றால், சண்டைக் கலைக்கு அங்கீகாரம் வரத் தொடங்கியதும் இப்போதுதான். நம் தேசிய விருதுகளில் அதற்கென்று தனிப் பிரிவு 64ஆவது விருதுகளில்தான் வந்தது. 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். ஆஸ்கர் குழு 2025 ஏப்ரலில்தான் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது அறிவித்தது, அதுவும் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து. இரண்டுமே அமைக்கிறவருக்கு. விழுகிறவருக்கு இந்த இரண்டிலும் தனியாக இல்லை.

கடைசியாக, இப்போது கருவிகள் போகிற திசை. எழுத்தை வைத்துச் சண்டை வரவழைப்பதில் உள்ள குறையை நிறுவனங்களும் பார்த்துவிட்டன. அதனால் 'அசைவு மாதிரி' கேட்கின்றன. ஒருவர் நடித்துக் காட்டும் வீடியோவைக் கொடுத்தால், அந்த அசைவை வேறு உருவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். ரன்வே நிறுவனத்தின் ஆக்ட்-டூ 2025 ஜூலையில் வந்தது. க்ளிங்கிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. என் தம்பி எடிட்டரும் இதைத்தான் அடுத்துச் செய்தார். படிக்கட்டுக் காட்சிக்கு, தெரிந்த கராத்தே மாஸ்டர் ஒருவரிடம் ஜிம் மேட்டில் உருண்டு காட்டச் சொல்லிப் போனில் எடுத்து உள்ளே கொடுத்தார். வந்த வீடியோவில் விழுவது விழுவது மாதிரியே இருந்தது. முதல் முறையாக எனக்கு "ஐயோ" என்று வந்தது. அடி வாங்குகிறவர் கிடைத்துவிட்டார்; அவர் மனிதர், மேட்டில் இருந்தார், ஒரு சிராய்ப்பு கூட இல்லை.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். வடபழனியில் ஒரு ஒத்திகைக் கூடத்தில், மெத்தை மேல், ரோப் இல்லாமல், நல்ல ஃபைட்டர்கள் விழுந்து காட்டலாம். உயரமும் நெருப்பும் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வீடியோ யாருடையது? ஒரு தடவை விழுந்ததை எத்தனை படத்துக்கு, எத்தனை முகத்துக்கு அடியில் வைத்து ஓட்டலாம்? 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவை ஏஐ வைத்து மாற்றி மறுவெளியீடு செய்தபோது இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தும் படம் ஓடியது. அவ்வளவு பெரிய பெயர்களின் எதிர்ப்புக்கே அந்த மதிப்பு என்றால், தினச் சம்பளத்துக்கு வந்து விழுந்துவிட்டுப் போகிறவரின் சம்மதத்தை யார் கேட்பார்கள்? அமெரிக்காவில் 2023இல் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் டிஜிட்டல் பிரதிக்குச் சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது, கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர்களுக்கும் சேர்த்து.

எங்கள் கராத்தே மாஸ்டருக்குத் தம்பி ஐந்நூறு ரூபாய் ஜிபே பண்ணினார். பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார். அந்த உருளல் இப்போது தம்பியின் ஹார்ட் டிஸ்கில் 'ஃபால் 1' என்ற பெயரில் இருக்கிறது. போன வாரம் இன்னொரு குறும்படக்காரர் அதைக் கேட்டிருக்கிறார்.